பழுதைத் தேடும் முறை



பழுதுபடாத கருவி என்று உலகில் ஒன்றும் இல்லை. வலை கிழியும், படகு ஒழுகும், இன்ஜின் நடு ஏரியில் நின்றுவிடும். திருவள்ளூர் மாவட்டத்தில் பழவேற்காடு ஏரிக்கரையில் உள்ள குப்பங்களில் வாழ்கின்றவர்களுக்கு இதை நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே ஒரு வலை கிழிந்தால் உடனே அதைத் தூக்கி எறிந்துவிடுவதில்லை. நிழலில் விரித்துப் போட்டு, கண்ணி கண்ணியாகத் தடவிப் பார்த்து, கிழிந்த இடத்தைக் கண்டு, அந்த இடத்தை மட்டும் பின்னிச் சேர்க்கிறார்கள். இந்தப் பொறுமையும் இந்த முறையும் ஏரிக்கரைப் பிள்ளைகள் சிறு வயது முதலே கண்டு வளர்ந்தவை. அதே முறையைக் கொண்டு வீட்டில் உள்ள ஒரு சிறு கணினியின் பழுதையும் கண்டுபிடிக்கலாம் என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

நான் குறிப்பிடும் கணினி எது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரில், பள்ளி மாணவர்கள் கணினியின் உள்ளியல்பை அறிய வேண்டும் என்னும் நோக்கத்தோடு ஓர் அறக்கட்டளை தோன்றியது. அது உருவாக்கிய ராஸ்பெரி பை என்னும் சிறு கணினி 2012ஆம் ஆண்டு பிப்ரவரி 29ஆம் நாள் விற்பனைக்கு வந்தது. அப்போது அதன் விலை 35 டாலர். உள்ளங்கையில் அடங்கும் ஒரு பலகைதான் அது. வீட்டுத் தொலைக்காட்சியைத் திரையாகவும், சாதாரண விசைப்பலகையை எழுதுகோலாகவும் கொண்டு அது இயங்கும். அதன் இயங்குதளமும், நம் படைப்பும், கணக்கும், படங்களும் எல்லாம் விரல்நகம் அளவுள்ள ஒரு நினைவு அட்டையில் தங்கியிருக்கும்.

அதில் இயங்குவது லினக்ஸ். 1983இல் ரிச்சர்டு ஸ்டால்மன் அறிவித்த குனூ திட்டத்தின் கருவிகளும், 1991இல் பின்லாந்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் கருவும் சேர்ந்து வளர்ந்தது அது. அதன் மூல நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் வழங்கலாம். இதனையே திறந்த மூலம் என்றும் கட்டற்ற மென்பொருள் என்றும் சொல்கிறோம். நம் நாட்டிலும் சி-டாக் நிறுவனம் பாஸ் லினக்ஸ் என்னும் இயங்குதளத்தை உருவாக்கியது. தமிழக அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் முதலில் வழங்கப்பெற்ற கணினிகளில் அதுவும் இடம்பெற்றிருந்தது. ஆகவே லினக்ஸ் என்பது எங்கோ இருக்கும் பொருள் அன்று. உங்கள் அண்ணனோ அக்காவோ பயன்படுத்தி மூலையில் வைத்த பழைய மடிக்கணினியில் அது உறங்கிக்கொண்டிருக்கலாம்.

இனி ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறேன். ஏரிக்கரைக் குப்பம் ஒன்றைச் சேர்ந்த மாணவி ஒருத்தி, பிறர் பயன்படுத்திய ராஸ்பெரி பை கணினி ஒன்றைச் சில ஆயிரம் ரூபாய்க்கு வாங்கியிருந்தாள். அவளுடைய தந்தை ஏரியில் மீன் பிடிப்பவர். எந்த நாளில் எந்த இடத்தில் வலை விரித்தார், வளர்பிறையா தேய்பிறையா, இறால் எத்தனை கிலோ, என்ன விலைக்குப் போயிற்று என்பதை ஓராண்டுக் காலமாக அந்தக் கணினியில் அவள் எழுதி வைத்திருந்தாள். ஒருநாள் கணினி இயங்கவில்லை. நகரத்துக் கடை ஒன்றுக்குக் கொண்டு போனார்கள். கடைக்காரர் ஒரு முறை மின்சாரம் கொடுத்துப் பார்த்துவிட்டு, “பலகை செத்துவிட்டது, புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள்” என்று சொல்லி அனுப்பிவிட்டார். புதிய பலகையின் விலை அந்தக் குடும்பத்தின் பல நாள் உழைப்புக்குச் சமம். “இந்த விளையாட்டுப் போதும்” என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். அதன் பிறகுதான் அவள் அதை என்னிடம் கொண்டுவந்தாள்.

நான் அவளை முதலில் கேட்ட கேள்வி ஒன்றுதான். “நன்றாக ஓடிய நாளுக்கும் நின்றுபோன நாளுக்கும் இடையில் எது மாறியது, அம்மா?”

“ஒன்றும் மாறவில்லை, ஐயா” என்றாள். சற்று யோசித்து, “மின்சார வயரை மட்டும் எலி கடித்துவிட்டது. அதனால் அண்ணன் செல்பேசிக்கு வைத்திருக்கும் நீள வயரைப் போட்டோம். ஆனால் அந்த வயர் நன்றாகத்தான் இருக்கிறது. செல்பேசிக்குச் சார்ஜ் ஏறுகிறதே!” என்றாள்.

மாணவர்களே, பழுதைத் தேடுகின்றவர் கேட்க வேண்டிய முதற் கேள்வி இதுதான். நேற்று ஓடிய கருவி இன்று நின்றது எனில், இடையில் ஏதோ ஒன்று மாறியிருக்க வேண்டும். பயன்படுத்துகின்றவர் அதை ஒரு மாற்றமாகவே கருதியிருக்கமாட்டார். ஆகவே பொறுமையாகக் கேட்க வேண்டும்.

அடுத்த படி, கருவியின் வழியை மனத்தில் வரைந்துகொள்வது. படகின் இன்ஜின் நின்றுவிட்டால் அனுபவமுள்ளவர் என்ன செய்கிறார்? எடுத்த எடுப்பில் இன்ஜினைப் பிரிப்பதில்லை. டீசல் இருக்கிறதா என்று பார்க்கிறார். அது வடிகட்டிவரை வருகிறதா, குழாயில் காற்று அடைத்திருக்கிறதா என்று பார்க்கிறார். டீசல் செல்லும் வழியிலேயே அவர் கண்ணும் செல்கிறது. ஏரியையே எடுத்துக்கொள்ளுங்கள். முகத்துவாரத்தில் மணல் மேடிட்டுக் கடல்நீர் உள்ளே வருவது தடைப்பட்டால், அங்கிருந்து வெகு தொலைவில் வலை விரிப்பவருக்கு மீன் குறைகிறது. குறை தெரியும் இடம் ஒன்று. குறை பிறந்த இடம் வேறு.

கணினிக்கும் ஒரு வழி உண்டு. சுவரில் உள்ள மின்செருகி, அதில் சார்ஜர், அதிலிருந்து வயர், வயரிலிருந்து பலகை, பலகையில் நினைவு அட்டை, அட்டையிலிருந்து இயங்குதளம், அங்கிருந்து திரைக்குச் செல்லும் வயர், கடைசியில் திரை. திரை இருண்டு கிடக்கிறது என்றால் இந்த எட்டுக் கண்ணிகளுள் ஏதோ ஒன்று அறுந்திருக்கிறது என்பது மட்டுமே பொருள். பலகை செத்துவிட்டது என்பது எட்டில் ஒன்று; மற்ற ஏழையும் பாராமல் அந்த முடிவுக்கு வரலாகாது.

பலகையிலேயே நமக்குச் சில அடையாளங்கள் உண்டு. சிவப்பு விளக்கு மின்சாரம் வருவதைக் காட்டும். பச்சை விளக்கு அட்டையைப் படிக்கும்போது மினுக்கும். சிவப்பு எரிந்து பச்சை சிறிதும் மினுக்காவிட்டால், அட்டையில் படிக்கத்தக்க இயங்குதளம் இல்லை என்று ஐயுறலாம். பச்சை விளக்கு 7 முறை மினுக்கி நின்று, மீண்டும் 7 முறை மினுக்கினால், இயங்குதளத்தின் கருக்கோப்பு கிடைக்கவில்லை என்று பொருள். அந்த மாணவியின் பலகையிலோ பச்சை சில நொடிகள் மினுக்கியது. சிவப்பு விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது. திரையில் வானவில் நிறங்கள் தோன்றி மறைந்தன. பிறகு எல்லாம் முதலிலிருந்து தொடங்கின. செத்த பலகை இத்தனை செய்யுமா? அது உயிரோடு இருக்கிறது. பட்டினி கிடக்கிறது என்பது விளங்கிற்று.

ஏன் பட்டினி? இங்கே நீங்கள் பள்ளியில் படித்த ஓம் விதி உதவுகிறது. அந்தக் கணினிக்குத் தேவை 5 வோல்ட் அளவுள்ள மின் அழுத்தம். ஏறத்தாழ 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் அது குறைவு என்று பலகை அறிவிக்கும். திரை இயங்கிக்கொண்டிருந்தால் மூலையில் மின்னல் போன்ற ஒரு குறி தோன்றும். சார்ஜர் 5.1 வோல்ட் தருகிறது என்று கொள்வோம். மெல்லிய நீண்ட வயரின் மின்தடை போகவரச் சேர்த்து 0.4 ஓம் என்று கொள்வோம். கணினி 1.5 ஆம்பியர் இழுக்கிறது. 1.5ஐ 0.4ஆல் பெருக்கினால் 0.6. அந்த 0.6 வோல்ட் வயரிலேயே கரைந்துவிடுகிறது. பலகைக்குச் சென்று சேர்வது 4.5 வோல்ட்தான். செல்பேசிக்கு இது போதும். மின்னோட்டம் குறைந்தால் அது சற்று மெதுவாகச் சார்ஜ் ஏற்றிக்கொள்ளும். இயங்கிக்கொண்டிருக்கும் கணினிக்கு அந்தப் பொறுமை இல்லை. அழுத்தம் விழுந்தவுடன் தடுமாறி, நின்று, மறுபடி தொடங்கும்.

தடித்த, குட்டையான வயர் ஒன்றை இரவல் வாங்கிப் போட்டோம். வேறு எதையும் தொடவில்லை. சிவப்பு விளக்கு நிலையாக எரிந்தது. அந்தப் பெண்ணின் முகத்தில் வந்த ஒளியை உங்களுக்கு எப்படிச் சொல்வேன்!

“வேறு எதையும் தொடவில்லை” என்றேன். அந்தச் சொற்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வேளையில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். வயரையும் அட்டையையும் சார்ஜரையும் ஒன்றாக மாற்றி, கணினி ஓடத் தொடங்கினால் மகிழ்ச்சிதான். ஆனால் எது பழுது என்பது நமக்குத் தெரியாமல் போய்விடும். நல்ல அட்டையை எறிந்துவிட்டுக் கெட்ட வயரைப் பத்திரமாக எடுத்து வைத்திருப்போம். அடுத்த மாதம் அதே தொல்லை மறுபடி வரும். ஒன்றை மாற்று, பார், பயனில்லையேல் பழையதையே திரும்பப் போடு, பிறகு அடுத்ததை மாற்று. ஆய்வுக்கூடத்தில் நீங்கள் செய்யும் சோதனைக்கும் இதுவே விதி.

கதை இதோடு முடியவில்லை. ஒரு பழுதின் பின்னால் இன்னொன்று மறைந்திருப்பது உண்டு. கணினி தொடங்கியது, ஆனால் புதிதாக எதையும் எழுத இடம் தரவில்லை. மின்சாரம் மீண்டும் மீண்டும் அறுந்ததால் நினைவு அட்டையில் உள்ள கோப்பு முறைமை சிதைந்திருந்தது. எழுதிக்கொண்டிருக்கும்போது யாரோ கையைத் தட்டிவிட்டால் வரி எப்படிக் கோணுமோ, அப்படித்தான் இதுவும். கரையோரச் சிற்றூர்களில் புயலும் மழையும் வந்தால் மின்சாரம் சொல்லாமல் போகும். ஆகவே வேலை முடிந்ததும் முறையாக அணைத்துவிட்டு மின்சாரத்தை எடுப்பதும், முக்கியமான கோப்புகளுக்கு வேறோர் இடத்தில் படி எடுத்து வைப்பதும் அங்கே மிகவும் இன்றியமையாத வழக்கங்கள்.

சிதைந்த அட்டையை என்ன செய்வது? அவசரக்காரர் உடனே அதைத் துடைத்துப் புதிய இயங்குதளத்தை எழுதிவிடுவார். கணினி பிழைக்கும், ஓராண்டுக் கணக்கு அழியும். நாங்கள் அட்டையை எடுத்து, அவளுடைய உறவினர் வீட்டில் இருந்த பழைய விலையில்லா மடிக்கணினியில், பாஸ் லினக்ஸை இயக்கிச் செருகினோம். அட்டையில் லினக்ஸ் எழுதிய பகுதியை விண்டோஸ் தானாகப் படிக்காது, லினக்ஸ் படிக்கும். முதலில் கோப்புகளை எல்லாம் ஒரு பென் டிரைவுக்குப் படி எடுத்தோம். அதன் பிறகே சீராக்கும் முயற்சி. கடைசி 3 நாள் கணக்கு தவிர மற்றவை யாவும் கிடைத்தன. புதிய அட்டை ஒன்றில் இயங்குதளத்தை எழுதிக் கோப்புகளைத் திரும்ப வைத்தோம். செலவு ஓர் அட்டையும் ஒரு வயரும். முதலில் பொருளைக் காப்பாற்று, பிறகு கருவியைச் சீராக்கு என்பது இங்கே நாம் கொள்ளத்தக்க பாடம். படகு கவிழும் நிலையில் ஆளைக் கரை சேர்த்த பிறகல்லவா படகைத் தேடுகிறோம்?

ஏரிக்கரைக்கென்றே உரிய வேறு ஒரு பகையும் உண்டு. அது உப்புக் காற்று. ஈரமும் உப்பும் சேர்ந்தால் செம்பு பச்சை பூக்கும். செருகும் முனைகளில் மின்சாரம் தயங்கும். கணினியை மூடியுள்ள பெட்டியில் வைக்க வேண்டும். ஆனால் வெப்பம் வெளியேறக் காற்றுவழியும் வேண்டும். 80 பாகை செல்சியசை நெருங்கினால் அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளத் தொடங்கும். “கணினி நடுப்பகலில் மட்டும் மெதுவாகிறது” என்று எவரேனும் சொன்னால் முதலில் அது வைக்கப்பட்ட இடத்தைப் பாருங்கள். தகரக் கூரைக்கு அடியில் இருக்கலாம். முனைகளைத் துடைக்கும்போது மின்சாரத்தை முழுவதும் எடுத்துவிட்டே துடைக்க வேண்டும். சுவர் மின்செருகியைத் திறந்து பார்க்கும் வேலையில் மாணவர்கள் இறங்கலாகாது; அது மின்பணியாளருக்கு உரியது.

இதுவரை கண்ணால் கண்டு கையால் தொடும் பழுதுகளைப் பற்றிச் சொன்னேன். இனி, கட்டளை வரியைப் பற்றிச் சொல்கிறேன். கருந்திரையில் எழுத்துகளைத் தட்டிக் கணினிக்கு ஆணையிடும் முறை இது. படங்களைத் தொட்டுப் பழகிய பிள்ளைகள் இதைக் கண்டவுடன் அஞ்சுகிறார்கள். அஞ்ச ஒன்றும் இல்லை. கடையில் பொருளைச் சுட்டிக்காட்டி வாங்குவது ஒரு முறை. பெயரைச் சொல்லி, அளவைச் சொல்லிக் கேட்டு வாங்குவது இன்னொரு முறை. கட்டளை வரி இரண்டாவது முறை. மொழி தெரிந்தால் விரும்பியதை விரும்பிய அளவில் கேட்கலாம்.

இம்முறையில் கணினி நம்மோடு வெளிப்படையாகப் பேசுகிறது. ஆனால் நாம் படிப்பதில்லை. பிழைச் செய்தி வந்தவுடன் திரையை மூடிவிடுகிறோம். அந்தச் செய்தியே பாதி மருந்து. நான்கு செய்திகளின் பொருளை மட்டும் இன்று தெரிந்துகொள்வோம்.

“கட்டளை காணப்படவில்லை” என்பது முதற் செய்தி. பெரும்பாலும் எழுத்துப் பிழையே காரணம். ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடு உண்டு, தமிழில் இல்லை. ஆதலால் நம் பிள்ளைகளின் கண்ணுக்கு அது எளிதில் படுவதில்லை. லினக்ஸோ அவ்விரண்டையும் வெவ்வேறு எழுத்துகளாகவே கொள்ளும். இடைவெளிக்கும் பொருள் உண்டு. எழுத்துப் பிழை இல்லையென்றால், அந்தக் கருவி இன்னும் நிறுவப்படவில்லை என்று அறிக.

“அப்படி ஒரு கோப்போ அடைவோ இல்லை” என்பது இரண்டாவது. இருக்கலாம், நீங்கள் வேறிடத்தில் நின்றுகொண்டு தேடுகிறீர்கள். பி, டபிள்யூ, டி என்னும் மூன்று சிற்றெழுத்துகளைத் தட்டினால், நான் எங்கே நிற்கிறேன் என்ற கேள்விக்கு விடை வரும். எல், எஸ் என்னும் இரண்டு எழுத்துகளைத் தட்டினால், இங்கே என்ன இருக்கிறது என்பதற்கு விடை வரும். ஏரியில் திசை தவறியவர் முதலில் கலங்கரை விளக்கைத் தேடுவதுபோல, குழம்பியவர் முதலில் இவ்விரண்டையும் தட்ட வேண்டும்.

“இடம் மீதமில்லை” என்பது மூன்றாவது. அட்டை நிறைந்துவிட்டது. டி, எஃப் என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, ஒரு சிறு கோடும் எச் என்னும் எழுத்தும் இட்டால், எவ்வளவு நிறைந்தது, எவ்வளவு மீதம் என்பது தெரியும்.

“அனுமதி இல்லை” என்பது நான்காவது. இதைப் பழவேற்காட்டுப் பிள்ளைகளுக்கு விளக்குவது மிக எளிது. அங்கே பாடு என்று ஒரு பழைய முறை உண்டு. ஏரியில் மீனும் இறாலும் நன்றாகக் கிடைக்கும் இடங்களை ஊரார் பகுத்து, இன்ன நாளில் இன்னாருக்கு என்று முறை வைத்துக்கொள்வார்கள். முறையில்லாதவர் அந்த நாளில் அங்கே வலை விரிக்கலாகாது. லினக்ஸும் ஒவ்வொரு கோப்புக்கும் உரியவர் யார், அவர் சார்ந்த குழு எது, பிறர் யார் என்று பிரித்து, யார் படிக்கலாம், யார் எழுதலாம், யார் இயக்கலாம் என்று முறை வைத்திருக்கிறது. பலர் சேர்ந்து ஒரு பொருளைப் பயன்படுத்தும் இடத்தில் முறை வேண்டும் என்பதை ஏரியும் அறிந்திருக்கிறது, கணினியும் அறிந்திருக்கிறது. எஸ், யு, டி, ஓ என்னும் சொல்லை முன்னால் இட்டால், தலைமை அதிகாரத்தைச் சிறிது நேரம் கடனாகப் பெறலாம். கடன் வாங்கிய அதிகாரத்தை அளவோடு பயன்படுத்த வேண்டும். அனுமதி இல்லை என்ற செய்தி வரும்போதெல்லாம் காரணம் பாராமல் அந்தச் சொல்லைச் சேர்ப்பது, பூட்டைக் கண்டவுடன் கதவை உடைப்பது போன்றது.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ஆர், எம் என்னும் கட்டளை கோப்பை அழிப்பது. அது குப்பைக்கூடையில் போட்டு வைப்பதில்லை, அழித்தேவிடும். பல கோப்புகளை ஒரு சேர அழிக்க நட்சத்திரக் குறியை இடும் வழக்கம் உண்டு. அவ்வாறு செய்யுமுன், அதே குறியோடு எல், எஸ் கட்டளையை முதலில் தட்டுங்கள். அழியப்போகும் கோப்புகளின் பட்டியல் கண்முன் வரும். படித்துப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். வேறொருவர் எழுதித் தந்த கட்டளையைப் பொருள் தெரியாமல் தட்டாதீர்கள். எம், ஏ, என் என்று எழுதி, இடைவெளி விட்டு, கட்டளையின் பெயரைத் தட்டினால் அதன் கையேடு திறக்கும். யூனிக்ஸ் என்னும் மூதாதை இயங்குதளத்தின் முதற் கையேடு 1971ஆம் ஆண்டு நவம்பரில் வெளிவந்தது. அந்த மரபு இன்றும் தொடர்கிறது. கையேட்டைத் திறப்பதற்கு இணையமும் வேண்டியதில்லை.

பழுது தேடுகின்றவருக்கு இன்னும் ஒரு துணை வேண்டும். அது ஒரு குறிப்பேடு. 1947ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள், அமெரிக்காவில் ஹார்வர்டு மார்க் 2 என்னும் பெருங்கணினியில் பழுது ஒன்று நேர்ந்தது. ஆராய்ந்தபோது மின்விசை இணைப்பு ஒன்றில் ஓர் அந்துப்பூச்சி சிக்கியிருந்தது. அவர்கள் அதை எடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டி, அருகில் குறிப்பும் எழுதி வைத்தார்கள். எந்திரக் கோளாற்றைப் பூச்சி என்று சொல்லும் வழக்கு அதற்கு முன்பே இருந்தது. இங்கே உண்மையாகவே பூச்சி அகப்பட்டது. அந்தத் தாளை இன்றும் அமெரிக்க அருங்காட்சியகம் ஒன்று போற்றிக் காக்கிறது. அவர்கள் பூச்சியை ஊதித் தள்ளிவிட்டு வேலையைத் தொடர்ந்திருந்தால் நமக்கு ஒன்றும் தெரிந்திராது. நாள், நேரம், கண்ட அடையாளம், செய்த மாற்றம், விளைந்த பயன் ஆகிய ஐந்தையும் எழுதுங்கள். மூன்று மாதம் கழித்து அதே பழுது வரும்போது அந்த ஏடே உங்களுக்கு ஆசிரியர்.

இவையெல்லாம் சிறு கருவிக்கு மட்டும் உரிய முறைகள் என்று எண்ணிவிடாதீர்கள். பழவேற்காடு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் தீவு ஸ்ரீஹரிகோட்டா. அங்கிருந்து எழும் ராக்கெட்டை ஏரிக்கரைக் குப்பங்களில் நின்றே பார்க்கலாம். 2019ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள் அதிகாலையில் சந்திரயான்-2 புறப்பட இருந்தது. நாடே விழித்திருந்தது. புறப்பட 56 நிமிடங்கள் இருந்தபோது ஒரு குறை தென்பட்டது, எண்ணிக்கை நிறுத்தப்பட்டது. குறையைத் தேடிக் கண்டு, நீக்கி, ஜூலை 22ஆம் நாள் வெற்றியோடு ஏவினார்கள். அதற்கு முன் 2013ஆம் ஆண்டு ஆகஸ்ட் 19ஆம் நாள் ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட் ஒன்றின் இரண்டாம் கட்டத்தில் எரிபொருள் கசிவு கண்டு ஏவுதலை நிறுத்தினார்கள். அந்தக் கட்டத்தையே புதிதாக மாற்றி, 2014ஆம் ஆண்டு ஜனவரி 5ஆம் நாள் ஏவினார்கள். நம் நாட்டிலேயே செய்த கிரையோஜெனிக் இன்ஜின் வெற்றி கண்ட நாள் அது. நிறுத்தியது அவர்களுக்கு இழிவாகவில்லை. குறை தென்பட்டபோது நிறுத்தத் துணிந்ததும், காரணம் தெரியும்வரை ஓயாததும் அவர்களுக்குப் பெருமை சேர்த்தன.

தனியே முயன்றும் விடை கிடைக்காவிட்டால் பிறரைக் கேட்க வேண்டும். திறந்த மூல உலகில் கேட்கின்றவருக்கு விடை சொல்ல நாடெங்கும் ஆர்வலர்கள் இருக்கிறார்கள். தமிழிலேயே கணியம் என்னும் மின்னிதழ் 2012 முதல் கட்டற்ற மென்பொருள் பற்றிய கட்டுரைகளை வெளியிட்டு வந்திருக்கிறது. ஆனால் கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. “என் கணினி ஓடவில்லை” என்று மட்டும் சொன்னால் எந்த வைத்தியரும் மருந்து சொல்ல இயலாது. எந்தக் கணினி, என்ன செய்தேன், என்ன எதிர்பார்த்தேன், என்ன நடந்தது, பிழைச் செய்தி எழுத்துக்கு எழுத்து என்ன என்று எழுதுங்கள். இவ்வாறு ஒழுங்காக எழுதி முடிப்பதற்குள் விடை தானே தோன்றிவிடுவதும் உண்டு. விடை கிடைத்தபின் அதைத் தமிழில் எழுதி வையுங்கள். உங்களுக்குப் பின் வரும் ஒரு பிள்ளைக்கு அது வழிகாட்டும்.

“பலகை செத்துவிட்டது” என்ற ஒரு சொல்லை அந்த மாணவியின் வீட்டார் நம்பினார்கள். சொன்னவர் கடைக்காரர்; அவருக்குத் தெரியும் என்று எண்ணினார்கள். அந்தச் சொல்லோடு ஒரு பெண்ணின் ஓராண்டு உழைப்பும், கணினி கற்க வேண்டும் என்ற ஆசையும் அடங்கிப் போக இருந்தன. ஏழை வீட்டுப் பிள்ளைக்குக் கருவி கிடைப்பது ஒரு முறைதான். அது நின்றவுடன் கல்வியும் நின்றுவிடுமானால், கருவியைக் கொடுத்து என்ன பயன்? கருவியோடு அதைச் செப்பனிடும் அறிவும் சேர்ந்து கிடைக்க வேண்டும். வலையைக் கொடுத்தவர் வலை ஊசியையும் கொடுக்க வேண்டும் அல்லவா?

இப்போது அந்த மாணவியின் வீட்டுக்கு அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் தங்கள் வீட்டுப் பழைய மடிக்கணினிகளைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அவள் அவர்களைக் கேட்கும் முதற் கேள்வி என்ன என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் வீட்டிலும் ஓடாமல் கிடக்கும் கருவி ஒன்று இருக்கலாம். ஒரு குறிப்பேட்டை எடுத்து, முதல் பக்கத்தில் அந்தக் கேள்வியை எழுதித் தொடங்குங்கள்.